ஒட்டாத சோறு

என் மகளோடு படிக்கிற பிள்ளை ஒருத்தியை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பா அருப்புக்கோட்டையிலிருந்து கூட்டிவந்து, பரளச்சியில் எங்கள் வீட்டில் விட்டுப் போனார். ஒல்லி உடம்பு, இறுகப் பின்னிய இரட்டைச் சடை. சோற்றில் கிடக்கிற கடுகைக்கூட விரல் நுனியால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைப்பாளாம், மகள் சொல்லியிருந்தாள்.

விருந்தாளியைக் கேட்டுப் பரிமாறுவது எங்கள் பக்கம் மரியாதைக் குறைவு. சோற்றில் பருப்புக் குழம்பை ஊற்றி, அதன் மேலேயே சீனியவரைக்காய்ப் பொரியலையும் வைத்தேன். "போதும்" என்றாள். கூச்சப்படுகிறாள் என்று இன்னொரு கரண்டி ஊற்றினேன். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏன் பிள்ள, நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கும் ஆன்ட்டி. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருந்தா சாப்பிட்டுருவேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் வந்த பிள்ளையைப் பட்டினியாக அனுப்ப முடியுமா? மூன்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்தேன். ஒவ்வொன்றாக வழித்துத் தின்றாள்.

மறுநாள் காலை என் மகள் தட்டை நகர்த்திக்கொண்டாள்.

"இட்லி மேல சட்னிய ஊத்தாதம்மா. தனியா வையி."

"இத்தன வருசமா ஏன்டி சொல்லல?"

"சொல்லலாம்னே எனக்கு நேத்துத்தாம்மா தெரியும்."