ஊறுகாய் ஜாடியில் ஒட்டிய அமிலங்கள்

இப்போது கடையில் வரும் ஊறுகாய்ப் பாட்டிலின் சீட்டை நான் முழுவதும் படிப்பவன். எழுத்து கடுகளவு. அசிட்டிக் அமிலம் என்று போட்டிருப்பார்கள். எவ்வளவு ஊற்றினார்கள் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். நான் முணுமுணுத்தால் என் மனைவி சிரிப்பாள். எங்கள் குடித்தனம் நிலைத்ததே ஊறுகாய் ஜாடிச் சீட்டுகளால்தான் என்பது அவள் கட்சி.

ஆந்திர ராஜ்யம் பிறந்து, சித்தூர் ஜில்லாவில் எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று ஓட்டல் பெஞ்சுகளில் பஞ்சாயத்து நடந்த காலம். நான் திருப்பதியில் கணக்கு வாத்தியார். அவள் திருத்தணியில் விஞ்ஞான ஆசிரியை. கல்யாணமாகியும் ரயிலில்தான் குடும்பம் நடத்தினோம். ஒருவழியாகத் திருப்பதிப் பெண்கள் பள்ளி ஒன்றில் அவளுக்குத் தற்காலிக இடம் கிடைத்தது. திருத்தணி வாடகை அறையைக் காலி செய்யாமலே வந்து சேர்ந்தாள். இன்ஸ்பெக்டரம்மாள் முன்னால் தெலுங்கில் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். திருப்தியானால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பழையபடி அவள் அங்கே, நான் இங்கே.

அவள் நாகலாபுரத்துப் பக்கம். சந்தைத் தெலுங்கு சரளமாக வரும். பாடத் தெலுங்குதான் வாயில் நுழையவில்லை. நாங்கள் அமிலங்களைக் கந்தகத் திராவகம், வெடியுப்புத் திராவகம் என்று தமிழில் படித்தவர்கள். தெலுங்குப் புத்தகத்திலோ புளியில் இருப்பது சிஞ்சாம்லம், எலுமிச்சையில் நிம்பூகாம்லம், தயிரில் துக்தாம்லம், எறும்புக் கடியில் பிபீலிகாம்லம். நான் கேள்வி கேட்பேன். அவள் தடுமாறும்போதெல்லாம் ஒரு விரலை மடக்குவேன்.

"விரல மடக்காதீங்க. அதப் பாத்தாலே தெரிஞ்சதும் மறந்துபூடுது."

"மடக்கலன்னா எத்தினி தப்புன்னு எப்டித் தெரியும்?"

"தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க? பொரியல் பண்ணித் துன்னப் போறீங்களா?"

அதன்பிறகுதான் சீட்டு யோசனை வந்தது. கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் மனத்தில் பதியும் அல்லவா? எங்கள் புளிப்பானையிலும் தயிர்ச்சட்டியிலும் தெலுங்கில் எழுதி ஒட்டினேன். மற்றதற்கு வீட்டுக்கார அம்மாளின் அலமாரிதான் வசதி. அவர் தெலுங்கு வைஷ்ணவர். சாமான் அறை இரண்டு குடித்தனத்துக்கும் பொது. எலுமிச்சை ஊறுகாய் மட்டும் நான்கு ஜாடி வைத்திருந்தார். நான்கிலும் நிம்பூகாம்லம் ஏறியது. எறும்பு சாரையாகப் போகும் கதவு நிலையில் பிபீலிகாம்லத்தை ஒட்டினேன். பசை இல்லாததால் மிஞ்சிய சோற்றைப் பிசைந்து தடவியிருந்தேன். தபால் உறையையே சோற்றால் ஒட்டும் குடியானவ வீட்டில் வளர்ந்தவன் நான்.

காலையில் அறை அதிர்ந்தது.

"ஏமய்யா மேஷ்டாரு! என் ஜாடிமேல அன்னத்த அப்பினது எவரு?"

சமைத்த சோறு பட்ட கையால் ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் அவர்கள் வீட்டில் தீட்டு. அது எனக்கு உறைப்பதற்குள் அவர் சீட்டுகளை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார்.

"நிம்பூகாம்லம்... பிபீலிகாம்லம்... இது ஏ தேவுடு? வாசக்கால்ல மந்திரம் ஒட்டி என் வீட்டுக்குச் சூனியம் வெக்கிறீங்களா?"

நான் வாயைத் திறக்குமுன் என் மனைவி ஈரக்கையோடு வந்து நின்றாள். "தேவுடு காதம்மா, சீம!" என்று ஆரம்பித்தாள். தேவனுமில்லை, பேயுமில்லை, எறும்புதான் என்றாள். எறும்பு கடித்தால் ஏன் எரிகிறது, புளி போட்டுத் தேய்த்தால் பித்தளை ஏன் பளபளக்கிறது, பால் எதனால் தயிராகிறது, எல்லாம் மூச்சு விடாமல் தெலுங்கில். பெயர்கள் ஒன்றுகூட இடறவில்லை. அந்த அம்மாளும் விடவில்லை. பித்தளையைத் தின்னும் புளிப்பு பீங்கான் ஜாடியை ஏன் தின்னவில்லை என்று கேட்டார். அதற்கும் பதில் வந்தது. விரல் மடக்க ஒரு தப்பும் கிடைக்காமல் நான் நின்றேன்.

"நல்லாத்தான் சொல்றே அம்மாயி. இருந்தாலும் அன்னம் அன்னம்தான்" என்று அந்த அம்மாள் நான்கு ஜாடிகளையும் எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். "நான் இனிமே தொடமாட்டேன். நீங்களே தின்னுங்க." அந்தக் காரத்தை என் வயிறு வெகு நாள் சகித்துக்கொண்டது.

"பாடத்தன்னிக்கு நீங்க மட்டும் வராதீங்க" என்றாள் அவள். அன்று நான் பள்ளிக்கு எதிரே சோடாக் கடையில் நின்றேன். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன், எழுந்து பார்த்தேன். வெளியே வந்தபோது அவள் முந்தானையெல்லாம் சாக்பீஸ் தூள்.

"இன்னாம்மே ஆச்சி?"

"வூட்டுக்கார அம்மாவ நெனைச்சிக்கினேன். அவங்க கேக்கிறாப்பலயே சொன்னேன்."

"அதான், இன்னா சொன்னாங்க?"

"அடுத்த ரயிலுக்கு நீங்க திருத்தணி போறீங்க. என் டிரங்குப் பெட்டி இன்னும் அந்த ரூம்லதான் கீது. காலி பண்ணிக்கினு வந்துடுங்க."