சட்டைப்பையில் பலாக்கொட்டை

தகவல் பெறும் உரிமைச் சட்டம், பிரிவு ஏழு, உட்பிரிவு ஒன்று. கேட்ட தகவலை முப்பது நாட்களுக்குள் தர வேண்டும். அது ஒருவருடைய உயிரையோ சுதந்திரத்தையோ பற்றியதாக இருந்தால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தர வேண்டும். எதிர்வீட்டு அம்மாவுக்காக நான் எழுதிய மனுவில் இந்த வரியைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தேன். ஆயுள் முழுக்கக் கோப்பு பார்த்தவனுக்குச் சிவப்பு மையின் மீது இருக்கும் நம்பிக்கை ஓய்வு பெற்றாலும் போவதில்லை.

மனுவில் கேள்வி ஒன்றுதான். அவருடைய கணவர் உயிரோடு இருக்கிறாரா?

இது ஒரு சினிமாவில் தொடங்கியது. தானே புயல் அடித்து இரண்டு மூன்று வருடம் கழித்து, சுரங்க டவுன்ஷிப்பில் எங்கள் பழைய குவார்ட்டர்ஸ் தெருவில் படப்பிடிப்பு நடந்தது. எண்பதுகளில் நடக்கும் கதையாம். தெருவில் அவர்கள் பெரிதாக எதையும் மாற்றவில்லை. நாங்கள் இத்தனை நாளும் எண்பதுகளில்தான் குடியிருந்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து பக்கத்து ஊரான வடக்குத்தில் வீடு கட்டிய அத்தனை பேரும், படம் வந்தவுடன் பண்ருட்டிக்குக் கிளம்பினோம். கதைக்காக இல்லை, நம் பழைய வாசல் திரையில் தெரிகிறதா என்று பார்க்க. என் மனைவி எதிர்வீட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டாள்.

அந்த அம்மாவின் கணவர் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. நிரந்தர வேலை கேட்டுக் கொடி பிடித்தவர், பிறகு கொடி மட்டும் போதாது என்று பேசிய தீவிரவாத இளைஞர்களோடு சேர்ந்துவிட்டார். அவர்களில் ஒருவன் பெயின்டர் என்று சொல்லிக்கொண்டு வந்து இவர்கள் வீட்டிலேயே தங்கிச் சாப்பிட்டான். எண்பதுகளில் ஒரு மார்கழி விடியற்காலையில் இருவரும் ஒன்றாகக் கிளம்பிப் போனார்கள். இருவருமே திரும்பவில்லை. மகன் அப்போது கைக்குழந்தை.

ஏழு வருடம் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. எதிரெதிரே குடிவந்த புதிதில் இதை அவருக்கு விளக்கினேன். ஒரு சான்றிதழ் வாங்கினால் பென்ஷன் ஏதாவது பார்க்கலாம் என்றேன்.

“நான் கையெழுத்து போட்டாதான் அவரு செத்தவரா சார்?” என்றார். “அப்ப நான் போடல.”

நெற்றியில் குங்குமமும் அப்படியே இருந்தது. ஆடி அமாவாசைக்குத் தெருவே எள்ளை முடிந்துகொண்டு கடலூர் கடலுக்குப் போகும்போது அவர் மட்டும் வீட்டுக்குள் இருப்பார். “செத்திருந்தா ஒரு வாய் எள்ளுத்தண்ணி இல்லாம தவிச்சிகினு இருப்பாரு. உசுரோட இருந்தா, நாம வுடறது மகாபாவம். நான் எதுன்னு எடுத்துக்கறது?” என்று என் மனைவியிடம் ஒருமுறை கேட்டிருக்கிறார்.

படத்தின் நாயகன், தீவிரவாதிகளோடு தீவிரவாதியாகக் கலந்து வேவு பார்க்கும் போலீஸ்காரன். எனக்குப் படம் முழுக்கக் குறைகள். தலைக்கவசத்தின் நிறம் தப்பு. சுரங்கத்தில் ஷிஃப்ட் சங்கு ஊதும் நேரம் தப்பு. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

“கம்முனு பாருங்க. உங்ககிட்ட யாரும் ஆபீஸ் நோட்டிங் கேக்கல” என்றாள் மனைவி.

அப்போது அந்தக் காட்சி வந்தது. போலீஸ்காரன் தங்கியிருக்கும் வீட்டுப் பெண், மணலில் புதைத்து வைத்திருந்த பலாக்கொட்டைகளை எடுத்து அடுப்புச் சாம்பலில் சுடுகிறாள். வெளியே பனி. கணவன் சட்டைப்பையில் ஒரு பிடி, இவன் சட்டைப்பையில் ஒரு பிடி, சூட்டோடு போட்டு அனுப்புகிறாள்.

எதிர்வீட்டு அம்மா என் மனைவியின் கையைப் பிடித்தார். “அக்கா, அது நானு.”

“என்னம்மா சொல்ற?”

“அன்னிக்குக் காலையில நான் போட்டு வுட்டது. குளிருக்கு எதமா இருக்கட்டும்னு. அங்க நாங்க மூணு பேருதான் இருந்தோம். இது எப்படி இவங்களுக்குத் தெரியும்?”

கடைசிக் காட்சி முந்திரிக் காடு. கணவன் ஓடுகிறான். போலீஸ்காரன் நிற்கிறான். துப்பாக்கிச் சத்தம், உடனே இருட்டு. முடிவைப் பார்வையாளரிடமே விட்டுவிட்ட படம் என்று பத்திரிகைகள் பிறகு பாராட்டின. நன்றிப் பட்டியலின் கடைசி வரியில் ‘பெயர் சொல்ல விரும்பாத ஓய்வுபெற்ற காவல் அதிகாரி’ என்று இருந்தது. அந்த அம்மாவுக்கு அதை நான்தான் படித்துச் சொன்னேன்.

தியேட்டருக்கு வெளியே வந்து அவர் சொன்ன முதல் வார்த்தை, “அப்ப அந்தப் பெயின்டர் தம்பி நல்லா இருக்காப்ல.” அதில் குத்தல் ஏதும் இல்லை. இத்தனை வருடமும் அவனுக்காகவும் சேர்த்தே கவலைப்பட்டிருக்கிறார்.

பேருந்தில் திரும்பினோம். முத்தாண்டிக்குப்பம் தாண்டும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார். “சார், சுட்ட சத்தம் கேட்டுச்சே. பட்டுச்சா?”

வெளியே, புயலில் விழுந்த முந்திரிக் காடுகள் இருந்த இடம் வெட்டவெளியாகக் கிடந்தது.

முதலில் படக் கம்பெனிக்கு எழுதினேன். பதில் இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டபோது ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். “சார், அத ஆடியன்ஸ்தான் முடிவு பண்ணிக்கணும்.” பிறகுதான் அந்த மனு. ஓர் அலுவலகம் அதை இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பியது. அது மூன்றாவதற்கு அனுப்பியது. மேல்முறையீடு செய்தேன். அதைப் பெற்றுக்கொண்டதற்கு மட்டும் சீட்டு வந்தது. நாற்பத்தெட்டு மணி நேரம் இவ்விதமாக ஒரு வருடத்தைத் தாண்டி அடுத்த ஆடிக்கு வந்து நின்றது.

அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் கேட்டருகே வந்து நின்றார்.

“போதும் சார். இருக்காருன்னா சொல்லியிருப்பாங்க. சொல்லாததே ஒரு பதிலுதானே. இன்னமும் அவரைப் பட்டினி போட வேணாம். பையன காலையில கடலுக்கு அனுப்பறேன்.”

மறுநாள் காலை அவர் நெற்றி வெறுமையாக இருந்தது. வாசல் தெளித்துக்கொண்டிருந்த என் மனைவி அதைப் பார்த்ததும், பாதியிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பகலில் தபால்காரர் வந்தார். பதிவுத் தபால். எதிர்வீட்டு அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்தார். இரண்டே வரி. குறிப்பிடப்பட்ட நபர் தலைமறைவாக உள்ளார், தேடப்பட்டு வருகிறார். பிற விவரங்கள் தருவதற்கில்லை.

இந்த மாதிரி வரிக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மூடாத கோப்பு என்று அர்த்தம். செத்தான் என்று எழுதினால் எப்படி என்று யாராவது கேட்பார்கள். தேடுகிறோம் என்று எழுதினால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. ஆனால் அதற்குள் உரக்கப் படித்துவிட்டேன்.

“தேடிகினு இருக்காங்களா? அப்ப இருக்காருன்னுதானே சார்?”

நான் தாளை மடிப்பதற்குள் அவர் இடுப்பிலிருந்து செல்போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார். அலைச் சத்தம் எனக்கே கேட்டது.

“டேய், எள்ளுத்தண்ணி வுட்டுட்டியா?”

“ஆச்சும்மா. முங்கி எழுந்து டீ குடிச்சிகினு இருக்கேன். ஏம்மா?”

அவர் கை காதிலிருந்து இறங்கியது. போன் கையிலேயே இருந்தது. அதனுள்ளிருந்து “அம்மா, அம்மா” என்று குரல் வந்துகொண்டிருந்தது.

“சார், வுட்டதத் திரும்ப எடுக்க ஏதாச்சும் வழி இருக்குதா?”

கொடுத்த மனுவைத் திரும்பப் பெறலாம். போட்ட உத்தரவை ரத்து செய்யலாம். இதற்கு எந்த விதியும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. இரண்டாவது மேல்முறையீடு இருக்கிறது என்றேன். தொண்ணூறு நாள் அவகாசம், பதில் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து. அதனால் முதலில் நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். சிவப்புப் பேனாவை எடுத்து உறையின் மூலையில் எழுதினேன்: பெறப்பட்டது, ஆடி அமாவாசை.