விளங்காத தமிழ்

எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து ஆரணிக்கு அகதியாக வந்த கணிதப் பேராசிரியர் அவர். ஒட்டிய கன்னம், தடித்த கண்ணாடி. கரும்பலகையை ஓரம்வரை துடைத்த பிறகே பாடம் தொடங்குவார். நான் வேலை பார்த்த டுடோரியலில் கெஞ்சிக் கேட்டு அவரைச் சேர்த்துவிட்டிருந்தேன்.

சில நாட்களில் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"நல்ல மனுசன்தாங்க. ஆனா அவரு பேசற தமிழு புரியலன்னு பசங்க சொல்லிகினே இருக்காங்க. வேற ஆளு பாத்துட்டேன்."

பேராசிரியரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அங்க தமிழன் எண்டு அடிச்சவங்கள் தம்பி. இங்க என்ர தமிழ் விளங்கேல்லையாமோ?"

வேலூரில் விசாரிக்கலாம் என்றேன். வேண்டாமென்று தலையசைத்தார். பிறகு ஒரு பட்டுக்கடைக் கிடங்கில் சேலை மடிக்கச் சேர்ந்தார். அங்கே யாரோடும் பேச வேண்டியதில்லை. தெருவில் என்னைக் கண்டால் புன்னகைப்பார், பேசமாட்டார். அது கோபமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.