அமாவாசைக் குண்டான்

அம்சவேணியிடம் ஒருநாள் நான் கண்மண் தெரியாமல் எரிந்து விழுந்தேன். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த அம்மாள் அன்று என் பேச்சைக் கேட்டிருந்தால் எங்கள் பள்ளிக்கூடமே இருந்திருக்காது.

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டைக்குப் பக்கத்தில், தறிச் சத்தம் ஓயாத ஒரு சிற்றூர். ஒற்றை அறை ஆரம்பப் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் நான் ஒருவனே வாத்தியார். சத்துணவு ஆக்குவது அம்சவேணி. காலனியிலிருந்து வருவார். மூன்றாவதோடு படிப்பை விட்டு நாற்று நடப் போனவர். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவர் கையால் ஆக்கியதைத் தின்னக்கூடாது என்று சில வீடுகளில் பிள்ளைகளைத் தடுத்தார்கள். அவர் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே தினமும் உலை வைத்தார். மூன்று மாதத்தில் அவர்களும் தட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

பதிவேட்டில் நாற்பத்தாறு பெயர். வருவது முப்பதுக்குள்தான். மற்றவர்கள் தறியில். புடவையில் கரை நெய்ய, நூல் சுற்றிய நாடாவைத் தள்ள ஒரு சின்னக் கை வேண்டுமே! அமாவாசையன்று மட்டும் தறி ஓட்ட மாட்டார்கள் என்பதால் அன்றைக்கு வகுப்பு நிரம்பும். பரண்மேல் கிடக்கும் பெரிய குண்டானை அம்சவேணி அன்றைக்குத்தான் இறக்குவார்.

தொண்ணூற்றெட்டில் கல்வி அதிகாரி கலியாணசுந்தரம் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. நாற்பது தலையாவது கண்ணில் பட்டால் இன்னொரு அறைக்கும் இன்னொரு ஆசிரியருக்கும் சிபாரிசு செய்வார். இல்லாவிட்டால் எங்கள் பள்ளியை மூடி, நெடுஞ்சாலைக்கு அந்தப்புறம் உள்ள பள்ளியோடு சேர்த்துவிட எழுதுவார். லாரிகள் பறக்கும் அந்தச் சாலையை ஆறு வயதுப் பிள்ளை தாண்டிப் போகுமா? நேரே தறிக்குத்தான் போகும்.

எந்த நாள் வரலாம் என்று அவரே கேட்டிருந்தார். என் மூளை சும்மா இருக்குமா? அடுத்த அமாவாசைத் தேதியைப் பார்த்து எழுதிப் போட்டேன்.

அது தை அமாவாசை. சின்னக் காஞ்சிபுரத்தில் பஞ்சாங்கத்தோடு வளர்ந்தவன் நான். அன்று விடிந்ததும் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அப்போதுகூட மண்டையில் உறைக்கவில்லை. பள்ளிக்கு வந்தால் பதினோரு பிள்ளைகள். மற்றவர்கள் குடும்பத்தோடு வேன் பிடித்துத் திருமுக்கூடலில் முழுக்குப் போடப் போயிருந்தார்கள். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

காலையில் எத்தனை பேர் என்று சமையலறைக்குச் சொல்ல வேண்டும், அதன்படிதான் அரிசி போட வேண்டும். பதினொன்று என்று சொன்னேன். பத்தரைக்கு எட்டிப் பார்த்தால், அடுப்பில் அந்தப் பெரிய குண்டான். ஐம்பது பேருக்கு உலை. போதாக்குறைக்கு அன்று முட்டை போடும் நாள், முட்டையோ வேகாமல் கூடையிலேயே இருந்தது. அதிகாரி வரும் நேரத்தில் அரசாங்க அரிசியைப் பாழாக்கி என்னை மாட்டிவிடப் பார்க்கிறாயா என்று கத்தினேன். வேலையிலிருந்து தூக்கிவிடுவேன் என்றுகூடச் சொன்னேன்.

அவர் கிண்டுவதை நிறுத்தவில்லை.

"கொஞ்சம் இருங்க சார். முழுக்குப் போட்டுட்டுப் பன்னெண்டுக்கெல்லாம் வந்துருவாங்க. இன்னிக்கு ஊட்ல படையல் போட்டு எலைல குந்த ரெண்டு மணி ஆவும். புள்ளைங்க அதுவரிக்கும் பசி தாங்குமா? முட்டை போட்டா மட்டும் ஒரு தாயும் அனுப்ப மாட்டா. அத்த நாளிக்குப் போட்டுக்கலாம்."

பதினொன்றரைக்கு அதிகாரி வந்தார். பதினோரு தலையை எண்ணினார், பதிவேட்டைப் புரட்டினார், சத்துணவையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பன்னிரண்டரைக்கு மணி அடித்ததும் தெருமுனையில் தட்டுச் சத்தம் கேட்டது. ஈரத் தலையும் நெற்றி நிறைய விபூதியுமாகப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அறை கொள்ளாமல் புளிய மரத்தடியிலும் பந்தி போட்டோம். அதிகாரி மறுபடி எண்ணினார். நாற்பத்து மூன்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் விடவில்லை. "இன்னிக்குச் சரி. தறி ஓடற நாள்ல எத்தன பேர்?"

நாற்பது என்று புளுக வாயைத் திறந்தேன். அம்சவேணி முந்திக்கொண்டார்.

"முப்பதுகூட வராது சார். உள்ள எடமில்ல, பாதி புள்ளைங்க மரத்தடில குந்திக்கினு இருக்குது. மழ வந்தா ஊட்டுக்கு அனுப்பறோம். ஊட்டுக்குப் போனா தறில குந்த வெச்சிடறாங்க. அப்புறம் எங்க திரும்பி வருது? நானும் மூணாவதோட நின்னவதான் சார்."

போச்சு என்று நினைத்தேன். அதிகாரி திரும்பி மரத்தடிப் பந்தியைப் பார்த்தார். நின்றபடியே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆடி மாதம் புது அறைக்கும் ஆசிரியருக்கும் உத்தரவு வந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். முதலில் அம்சவேணியிடம்தான் ஓடினேன், மன்னிப்பும் கேட்டேன். "அத்த வுடுங்க சார்" என்று பருப்பைக் கழுவப் போய்விட்டார். புது ஆசிரியை பெரியநாயகி வந்தார். அடுத்த வருஷம் அறை எழும்பியது. பெரியநாயகி காலையில் தறி வீடுகளுக்கே போய்ப் பிள்ளைகளைக் கையோடு அழைத்து வருவார். கொஞ்சம் கொஞ்சமாக வரவு கூடியது.

இரண்டாயிரத்து நான்கில் எனக்கு மாற்றல். சமையலறைக்கு எண்ணிக்கை சொல்வதைப் பெரியநாயகி ஏற்றுக்கொண்டிருந்தார்; கடைசி நாள்தான், வெகுநாள் கழித்து, அங்கே போனேன். அடுப்பில் பெரிய குண்டான். வெளியே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. இன்றைக்கு ஏன் இதை இறக்கினீர்கள் என்று பழைய ஞாபகத்தில் கேட்டேன்.

"பரண்ல ஏத்தியே ரெண்டு வருஷம் ஆவுது சார்" என்றார் அம்சவேணி. "இப்ப தெனமும் அமாவாசதான்."