அப்பாவுக்குப் பல் கட்டியவர்

சண்டையில் இறக்கக்கண்டி ஊரில் எங்கள் வீடு எரிந்து நாங்கள் திருகோணமலைக்கு இடம்பெயர்ந்த வருடம், பல்லெல்லாம் போயிருந்த அப்பாவைத் துறைமுகத்தடிப் பல் டொக்டரிடம் கூட்டிப்போனேன். நெட்டையான மனிதர். கண்ணை மூடிக்கொண்டு விரலால் அப்பாவின் வெறும் முரசை, பல்லில்லாத அந்த ஈறை, மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

“முந்திப் பல்லுத் தெரியச் சிரிச்ச படம் ஏதும் இருக்கோ?”

“இல்லை டொக்டர், எல்லாம் எரிஞ்சுபோச்சு” என்றேன்.

“அப்ப நீங்கள் ஒருக்காச் சிரியுங்கோ பிள்ளை. அப்பாவின்ர பல்லுத்தான் உங்களுக்கும் வந்திருக்கும்.”

அண்ணா செத்தபிறகு நான் சிரித்ததே இல்லை. வெளியே ஆட்கள் நிறைந்திருந்தும் அவர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அப்பாவே பொக்கை வாயால் சிரித்துக்காட்ட, நானும் சிரித்துவிட்டேன். மாதிரிப் பற்களை என் பல்லோடு வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

புதுப் பல்லோடு அப்பா சிரித்த அன்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. தான் கண்டிராத ஒரு சிரிப்பை அந்த மனிதர் எப்படித்தான் செய்தாரோ!