உதைத்த கால்

சுழல்காற்றுக்குள்ளே எப்படி இருந்தது என்று இன்றுவரை கேட்கிறார்கள். டிவிக்காரர்கள்கூட மைக்கை நீட்டினார்கள். நானும் வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறேன்.

கடலில் மேகம் கால் இறக்கித் தண்ணீர் குடிப்பதை எங்கள் கரையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கரைக்கு வருமுன் அறுந்துபோகும். அன்றும் அப்படித்தான் நினைத்தோம். நானும் என் நாத்தனாரும் மணலில் நெத்திலி காயப் போட்டிருந்தோம். புருஷன் செத்தபிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள் அவள். மேகம் கறுத்தால் கருவாட்டுக்காரிக்கு முதலில் கருவாடு, அப்புறம்தான் உயிர். தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு மீனை மூட ஓடினேன். வேண்டாம், வீட்டுக்குப் போய்விடலாம் என்றாள். என் சோற்றைத் தின்கிறவள்தானே என்ற தோரணையில் அதட்டி இழுத்துப் போனேன்.

அது அறுபடவில்லை. தூரத்தில் நின்று பார்த்தால் வெள்ளைத் தூண். உள்ளே தூணும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. காது இரண்டும் அடைத்துக்கொண்டன. மணல் ஊசியாகக் குத்தியது. மூச்சை இழுத்தால் உப்புத் தண்ணீர். விசைப்படகு எஞ்சின்கள் பத்தைத் தலைமாட்டில் ஓடவிட்டாற்போல் சத்தம். காயப்போட்ட நெத்திலி முகத்தில் அறைந்தது. கடல் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. மணலில் ஊன்றியிருந்த, வள்ளம் கட்டும் கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குப்புறக் கிடந்தேன். இவ்வளவையும் ஊருக்குச் சொன்னேன்.

சொல்லாதது ஒன்று உண்டு. என் கணுக்காலை அவள் பிடித்திருந்தாள். அவள் கனமும் சேர்ந்து என் பிடி நழுவியது. உதைத்தேன். அவள் கைதான் என்று நன்றாகத் தெரிந்தே, அது விடும்வரை உதைத்தேன்.

காற்று ஓய்ந்தபோது, கவிழ்ந்து கிடந்த ஒரு வள்ளத்தின் அருகே கை முறிந்து கிடந்தாள். ராமநாதபுரத்தில் கட்டுப் போட்டுக் கூட்டிவந்தோம். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், மதினி கடைசிவரை என் கையை விடவில்லை என்று சொன்னாள். என் வீட்டுக்காரர் என்னைப் பெருமையாகப் பார்த்தார். எனக்கு என்னை நினைத்தாலே சீ என்றிருந்தது.

மூன்றாம் நாள், அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது பொறுக்க முடியாமல், அன்றைக்கு நான் உன் கையைப் பிடிக்கவில்லை என்று ஆரம்பித்தேன்.

“தெரியும் மதினி,” என்றாள். “அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிராதீக. நான் இங்கனதான இருந்தாகணும்.”

சொல்லிவிட்டு அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தாள்.