மேட்டைக் காட்டியவர்

கே.ஜி.கண்டிகைக்குப் பக்கத்தில் நாங்கள் வாங்கிய மனையைச் சமன்செய்ய வந்த ஜேசிபி ஓட்டுநருக்கு முப்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, செம்மண் படிந்த புருவம். வேலை தொடங்கும் முன் வெறுங்காலோடு நிலத்தை ஒரு சுற்று நடந்து பார்ப்பது அவர் வழக்கம்.

மனையின் பின்பக்கத்து மேட்டைக் கரைத்து, சாலையோரப் பள்ளத்தை நிரப்பி, அங்கே வீடு கட்ட நினைத்திருந்தேன். மேட்டில் இரண்டு முறை வாரியதுமே அவர் வண்டியை நிறுத்திவிட்டார். இறங்கி, கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகளைப் பொறுக்கிவந்து என் கையில் வைத்தார்.

“எந்தக் காலத்து ஆளுங்களோ சார், இந்த மேட்டு மேலதான் வாழ்ந்துகினு இருந்திருக்காங்க. நான் தோண்டுற எடத்துலல்லாம் இப்படித்தாங்க. ஓடு மேட்டுலதான் கிடைக்கும், பள்ளத்துல இருக்காது. மலையிலேர்ந்து மழைத்தண்ணி எறங்கிப் போற வழி அது. தண்ணி பக்கத்துல இருக்கணும், வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நீங்களும் இங்கயே கட்டுங்க.”

“அப்போ உங்க வீடும் மேட்டுலதானா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

“ஏரிக்குள்ளங்க. எங்களுக்கு அங்கதான் எடம் கிடைச்சுது. மழை வலுத்தா புள்ளைங்கள தூக்கிகினு பள்ளிக்கூடத்துக்குப் போய்டுவோம்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

மேட்டிலேயே கட்டினோம். கார்த்திகை மழையில் பள்ளம் முழுக்கத் தண்ணீர் நிற்கும்போது, வீட்டுக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் எனக்கு அவர் நினைவு வரும். எந்த ஊர்ப் பள்ளிக்கூடம் என்றுகூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.